ஃப்ளோரைடு பேஸ்ட்டும் டைட்டானியம் இம்ப்ளான்ட்டும்: சிகிச்சையறையில் பார்ப்பவை

இம்ப்ளான்ட் மருத்துவர்:

இம்ப்ளான்ட் (இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியம் வேர்) வைத்த பிறகு ஃப்ளோரைடு பேஸ்ட்டை அறவே நிறுத்திவிட்டு வருபவர்கள் உண்டு. டைட்டானியத்தை அது அரித்துவிடும் என்ற பயம். இம்ப்ளான்ட்டில் சொத்தை விழாது, சரி. பக்கத்துப் பல்லில் விழும். ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும் வயதில் அந்தச் சொத்தை வேகமாகவும் பரவும். எனவே நிறுத்துவதற்கு முன் கணக்கைப் பாருங்கள்.

டைட்டானியத்தைக் காப்பது அதன் மேல் தானாகப் படியும் ஆக்சைடு படலம். சில நானோமீட்டர் தடிமன்தான். நடுநிலையான கரைசலில் இருக்கும் ஃப்ளோரைடு அயனி அதைப் பெரிதாகத் தொடுவதில்லை. அமிலத்தன்மை கூடும்போது ஃப்ளோரைடின் ஒரு பகுதி ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமாக மாறுகிறது. படலத்தைக் கரைப்பது அதுதான். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, இந்த அமிலம் சுமார் 30 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 30 பங்கு) தாண்டும்போது படலம் சிதைகிறது. அதை வைத்துக் கணக்கிட்டால், 1,000 பிபிஎம் ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டின் பிஎச் (அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும், 7 நடுநிலை) கிட்டத்தட்ட 4.7-க்குக் கீழே போனால்தான் ஆபத்து. 0.05 சதவீத சோடியம் ஃப்ளோரைடு மவுத்வாஷில் (சுமார் 225 பிபிஎம்) பிஎச் 4 வரை இறங்க வேண்டும். நடுநிலையை ஒட்டிய பேஸ்ட்டை இரண்டு நிமிடம் தேய்த்துத் துப்புவதில் அந்த நிலை வருவதில்லை.

பல் சுகாதாரப் பணியாளர்:

டாக்டர் சொன்ன கணக்கை கிளினிக்கில் போடும் ஜெல்லுக்கும் போட்டுப் பாருங்கள். அமிலமேற்றிய பாஸ்பேட் ஃப்ளோரைடு ஜெல்லில் 1.23 சதவீதம், அதாவது 12,300 பிபிஎம் ஃப்ளோரைடு; பிஎச் 3 முதல் 3.5 வரை. பிஎச் 3.5 என்றே வைத்தாலும் ஃப்ளோரைடில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமில வடிவில் நிற்கும். 30 பிபிஎம் எல்லையை நூறு மடங்குக்கு மேல் தாண்டிவிடுகிறது! அதையும் பல் வரிசையில் பொருந்தும் டிரேயில் நிரப்பி நான்கு நிமிடம் வைக்கிறோம். இம்ப்ளான்ட் மேல் பல்லாகப் பொருத்தும் பீங்கான் கிரவுனின் மெருகையும் அது சொரசொரப்பாக்கும். மேற்பரப்பு கரடானால் பிளாக் (கிருமிப் பூச்சு) ஒட்டும், அதைத் தொடர்ந்து ஈறு வீங்கும்.

மாற்று கைவசமே இருக்கிறது. 2 சதவீத நடுநிலை சோடியம் ஃப்ளோரைடு ஜெல், அல்லது 5 சதவீத வார்னிஷ். வார்னிஷில் 22,600 பிபிஎம் இருந்தாலும் அது அமிலமல்ல. இயற்கைப் பற்களில் மட்டும் தேவையான இடத்தில் தடவலாம். ஜெல் வாங்கும்போது சதவீதத்தோடு நிறுத்தாமல் ‘நடுநிலை’ என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று: பேஸ்ட்டிலுள்ள சொரசொரப்பான தேய்ப்புத் துகள். வெண்மையாக்கும் பேஸ்ட், கரித்தூள் இவற்றைக் கலந்து தேய்ப்பவர்கள் ஃப்ளோரைடைத்தான் சந்தேகிக்கிறார்கள். வெளியே தெரியும் அபட்மென்ட்டை (இம்ப்ளான்ட்டையும் கிரவுனையும் இணைக்கும் பாகம்) கீறுவது பெரும்பாலும் துகளும் கடினமான பிரஷ்ஷும்தான். காரை எடுக்கும்போது ஸ்டீல் கருவியைப் போட்டால் நம் கையாலேயே கீறுகிறோம். பிளாஸ்டிக் அல்லது டைட்டானியம் கியூரெட் (சுரண்டும் கருவி), கிளைசின் பவுடர் ஸ்ப்ரே போதும்.

பல் தொழில்நுட்பக் கூடம்:

எங்கள் மேசைக்கு வருவது அபட்மென்ட்டும் ஸ்க்ரூவும். பெரும்பாலும் அலுமினியமும் வனேடியமும் கலந்த டைட்டானியம். இரண்டு பாகம் சேரும் மெல்லிய இடுக்கில் ஆக்ஸிஜன் குறைவு. கிருமிகள் அமிலம் சுரக்கும். உமிழ்நீர் அங்கே போய்க் கழுவாது. படலம் ஒருமுறை சிதைந்தால் திரும்ப உருவாக ஆக்ஸிஜன் வேண்டும், அதனால்தான் இடுக்கு மற்ற இடங்களைவிட மோசம். அமில ஃப்ளோரைடில் டைட்டானியம் ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெறுவதும் தெரிந்த விஷயம். பல் சீரமைப்புக்கான நிக்கல்-டைட்டானியம் கம்பிகள் உடைவதில் அதற்குப் பங்கு உண்டு.

ஆனாலும் உடைந்த ஸ்க்ரூவைப் பார்த்ததும் பேஸ்ட்டைக் குறை சொல்லாதீர்கள். முதலில் முறுக்கு விசையைக் கேளுங்கள். தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு (பல வகைகளில் 30 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர்) டார்க் ரெஞ்சால் (விசையை அளந்து முறுக்கும் கருவி) முறுக்கினார்களா, 10 நிமிடம் விட்டு மறுபடி முறுக்கினார்களா, பழைய ஸ்க்ரூவையே திரும்பப் போட்டார்களா? தளர்ந்த ஸ்க்ரூ இடுக்கை அகலமாக்கி அரிப்புக்கும் வழி திறக்கிறது.

இம்ப்ளான்ட் மருத்துவர்:

நான் உண்மையில் கவலைப்படுவது வாய் வறட்சி உள்ளவர்களைப் பற்றித்தான். கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்கள் அதிகச் செறிவுள்ள ஃப்ளோரைடை தினமும் டிரேயில் வைக்க வேண்டியிருக்கும். அமிலத்தைத் தணிக்க உமிழ்நீர் இல்லை, ஃப்ளோரைடும் அதிகம், நேரமும் அதிகம். இவர்களுக்கு 1.1 சதவீத நடுநிலை சோடியம் ஃப்ளோரைடையே எழுதுங்கள்; ஸ்டானஸ் ஃப்ளோரைடு ஜெல்களில் அமிலத்தன்மை கூடுதலாக இருக்கும். டிரேயில் இம்ப்ளான்ட் வரும் இடத்தில் ஜெல்லை நிரப்பத் தேவையில்லை. எலுமிச்சைச் சாறோ சோடா பானமோ குடித்த கையோடு பேஸ்ட்டைத் தொட வேண்டாம். முதலில் தண்ணீரால் கொப்பளித்து அரைமணி நேரம் விடச் சொல்லுங்கள்.

ஈறில் ரத்தம், சீழ், எலும்பு இறக்கம் தெரிந்தால் தேட வேண்டிய வரிசை வேறு: பிளாக், கிரவுனை ஒட்டும்போது ஈறுக்குள் தங்கிய சிமென்ட், புகைப்பழக்கம், கட்டுப்படாத சர்க்கரை. திசுவில் டைட்டானியத் துகள் காணப்படுவது உண்மை. நோய்க்கு அதுவே காரணம் என்று நிறுவப்படவில்லை.

பல் சுகாதாரப் பணியாளர்:

ஒரு இயற்கைப் பல்கூட இல்லாமல் முழு வாயும் இம்ப்ளான்ட் என்றால் சொத்தைக்காக ஃப்ளோரைடு தேவையே இல்லை. தேய்ப்புத் துகள் குறைந்த ஜெல் வகைப் பேஸ்ட், மென்மையான பிரஷ், அபட்மென்ட்டுகளுக்கு இடையில் நுழையும் குட்டி பிரஷ். குட்டி பிரஷ்ஷின் நடுக்கம்பிக்கு பிளாஸ்டிக் உறை இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.