எங்கள் தெரு, கொடுங்கையூர் (வாட்ஸ்அப் குழு)

மளிகைக் கடை அண்ணன்: கடைசி வீட்டுப் பிள்ளையைப் பாம்பு கடித்துவிட்டதாமே?

மாடி வீட்டு அக்கா: ஆமாம் தம்பி. புழுக்கம் தாங்காமல் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். விடியற்காலையில் வயிற்றுவலி என்று அழுதான். ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். பிறகு இமை மேலே எழும்பவேயில்லை. தூக்கம் என்று நினைத்துவிட்டார்கள், பாவம். நம் நர்ஸ் அக்கா வந்து பார்த்துத்தான் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

கோயில் வீட்டுத் தாத்தா: கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டினீர்களா?

நர்ஸ் அக்கா: கட்டக் கூடாது ஐயா. ரத்த ஓட்டம் நின்று காலே கெட்டுவிடும். கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். யாராவது ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தால், அதை மருத்துவர் முன்னிலையில்தான் அவிழ்க்க வேண்டும். பிள்ளையை நடக்கவிடாமல், கடிபட்ட காலை அசைக்காமல் கொண்டுபோக வேண்டும். இவன் காலில் கடித்த தடமே எனக்குத் தெரியவில்லை. கட்டுவிரியன் கடி அப்படித்தான். வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. தரையில் படுத்த பிள்ளைக்கு வயிற்றுவலியோடு இமையும் சரிந்தால் சந்தேகப்படுங்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

பிள்ளையின் அத்தை: அக்கா, வார்டு வாசலில் இருக்கிறேன். விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி ஏற்றுகிறார்கள். பெரியவர்களுக்கும் இதே அளவுதானாம். ஏழு வயதுப் பிள்ளை தாங்குமா? எனக்குக் கை நடுங்குகிறது.

நர்ஸ் அக்கா: தாங்குவான் அம்மா. காய்ச்சல் மருந்தைத்தான் எடை பார்த்துக் கொடுப்போம். பாம்பு பிள்ளை என்று பார்த்து விஷத்தைக் குறைத்தா இறக்கியது? உள்ளே போன விஷத்தை முறிக்கத்தான் இந்த மருந்து. அதே விஷம் சின்ன உடம்பில் இன்னும் வேகமாக வேலை செய்யும். மருந்தோடு கலக்கும் சலைனை மட்டும் எடைக்கேற்பக் குறைப்பார்கள். குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து என்பதால் தடிப்போ மூச்சுத்திணறலோ வரலாம். அதற்கு அட்ரினலின் ஊசியைப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். தயவுசெய்து "குறைத்துப் போடுங்கள்" என்று கேட்காதே.

கல்லூரித் தம்பி: வடநெம்மேலியில் பாம்பு பிடிக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுக்கும் விஷத்திலிருந்துதானே இந்த மருந்து?

நர்ஸ் அக்கா: ஆமாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே மருந்து. அதனால் பாம்பைத் தேடி அடித்து எடுத்துப்போக நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பிள்ளையின் அத்தை: மூச்சு தடுமாறுகிறதாம். வென்டிலேட்டர் வைக்கப்போகிறார்கள்.

நர்ஸ் அக்கா: வைக்கட்டும். விஷம் நரம்பைப் பிடித்த பிறகு மருந்து மட்டும் போதாது. நெஞ்சுத் தசைக்குத் தெம்பு திரும்பும்வரை இயந்திரம் அவனுக்காக மூச்சு விடும். சில நாள் ஆகலாம். நான் வருகிறேன்.

மாடி வீட்டு அக்கா: அவன் அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இட்லி எடுத்து வருகிறேன். எந்த மாடி?