கொடுவாய் வீட்டுக் குழுவில் ஒரு கறுப்பு சாம்பிள்

காலை 6:48

நிலா: (3 படங்கள்)

நிலா: அத்தை, கறுப்பு ரிப் பாடி 24, முழுக்கை டாப் 24, லேஸ் காலர் 12, மணிக்கட்டு உறை 12. கம்பி வேண்டாம், பேட் வேண்டாம். முதுகில் மட்டும் சிலந்தி வலை மாதிரி பட்டை. அளவுத்தாள் மூன்றாவது படத்தில் இருக்கிறது. அண்ணன் கல்யாணத்துக்கு வரும்போது நானே எடுத்துக்கொண்டு போகிறேன்.

ராமசாமி: இது என்ன கண்ணு?

ராமசாமி: பத்திரிகை மாதிரி வந்திருக்கிறது என்று நினைத்து அம்மாவிடம் காட்டிவிட்டேன்.

கௌசி: அய்யோ அப்பா

நிலா: மன்னித்துக்கொள்ளுங்கள் பெரியப்பா. வசந்தா அத்தைக்குத் தனியாக அனுப்ப வேண்டியது. தூக்கத்தில் குழு மாறிவிட்டது.

சிவகுமார்: இங்கிலாந்தில் இப்போது ராத்திரி ஒன்றேகால். தூங்கவில்லையா?

தங்கமணி: முதலில் அழித்துவிடு நிலா. சம்பந்தி வீட்டில் யாராவது இந்தக் குழுவில் இருக்கிறார்களா?

கௌசி: இல்லை சித்தி. அது ‘பிரபு கல்யாணம்’ குழு. இது நம் வீடு மட்டும்தான்.

வசந்தா: எதற்கு அழிக்க வேண்டும் அண்ணி? 1998லிருந்து நான் பாடி தைக்கிறேன். இந்தக் குழுவில் இருக்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் படித்தது ஜட்டி, பாடி, பனியன் தைத்த காசில்தான். படம் இருக்கட்டும்.

தங்கமணி: நான் படத்தைச் சொல்லவில்லை வசந்தா. கல்யாண மாதத்தில் கறுப்பா என்றுதான்.

ராமசாமி: அதேதான். இன்னும் 22 நாள். இணைச்சீருக்கு அண்ணன் பக்கத்தில் உட்கார வேண்டிய பிள்ளை.

கௌசி: அப்பா, மாலை போட்டு நீங்கள் இப்போது கட்டியிருக்கிற வேட்டி என்ன நிறம்?

ராமசாமி: அது விரதம்.

பிரபு: மார்கழியில் நம் தெருவில் பாதிப் பேர் கறுப்புதான் பெரியப்பா.

காலை 7:20

செல்வராஜ்: எல்லாரும் நல்ல நாள், கெட்ட நாள் பார்க்கிறீர்கள். நான் சாயப்பட்டறைக்காரனாகச் சொல்கிறேன். கறுப்புதான் இருப்பதிலேயே கஷ்டமான நிறம். ரோஸ், சந்தனக் கலர் என்றால் 100 கிலோ துணிக்கு ஒரு கிலோ சாயம்கூட ஆகாது. கறுப்புக்கு ஐந்து, ஆறு, சில சமயம் எட்டு கிலோ. ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 80 கிராம் உப்பு என்று வையுங்கள். ஒரு கிலோ துணிக்கு முக்கால் கிலோவுக்கு மேல் உப்பு. 60 டிகிரியில் ஓட்டி, சோடா கொடுத்து, அப்புறம் கொதிக்கிற தண்ணீரில் சோப்பு வாஷ், மறுபடியும் வாஷ். அதில் சோம்பேறித்தனம் பட்டால் போடுகிறவர்கள் தோல் கறுக்கும், மேலே போடும் வெள்ளைச் சட்டையும் கறுக்கும். காய்ந்த துணியில் தேய்த்தால் ஐந்துக்கு நாலு மார்க் வாங்குகிற கறுப்பு, ஈரத்தில் தேய்த்தால் இரண்டுக்கு வந்துவிடும். உள்ளே போடுகிற துணி வேர்வையில் ஈரமாகத்தானே இருக்கும்? இன்னொன்று, நிலா கேட்கிற லேஸ் நைலான். காட்டனுக்கு ரியாக்டிவ் சாயம், நைலானுக்கு ஆசிட் சாயம். இரண்டும் வேறு வேறு தொட்டி. ட்யூப்லைட்டில் இரண்டும் ஒரே கறுப்பாகத் தெரியும். வாசலுக்குக் கொண்டுபோனால் ஒன்று நீலக் கறுப்பு, ஒன்று சிவப்புக் கறுப்பு.

பிரபு: மாமா, காபி குடித்துவிட்டு மீதியைப் படிக்கிறேன்.

செல்வராஜ்: படி மாப்பிள்ளை. 24 பீஸுக்கு எவனும் சாயம் போட மாட்டான் என்பதைச் சொல்ல வந்தேன்.

தங்கமணி: பேருந்து 40 சீட்டா 52 சீட்டா? டிராவல்ஸ்காரர் காலையிலேயே கேட்கிறார்.

சிவகுமார்: கொடுவாயிலிருந்து எத்தனை பேர் என்று அண்ணன் சொல்ல வேண்டும்.

ராமசாமி: சொல்கிறேன்.

வசந்தா: பேருந்து இருக்கட்டும். பத்திரிகையில் என் பேர் விட்டுப்போனதை யார் சரி பண்ணினீர்கள்?

சிவகுமார்: இரண்டாவது ப்ரூஃபில் வந்துவிட்டது வசந்தா.

வசந்தா: 2011லும் இப்படித்தான். பாகப்பிரிவினைத் தாளிலும் இரண்டாவது ப்ரூஃபில்தான் வந்தேன்.

(சிறிது நேரம் யாரும் எழுதவில்லை)

காலை 8:05

நிலா: அத்தை, நான் எதற்குக் கேட்கிறேன் என்று எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன். காத்திக் என்று கறுப்பாக உடுத்துகிற எங்களுக்கு இங்கே கடையில் கிடைக்கிற பாடியெல்லாம் சொரசொரப்பான நைலான் லேஸ், கம்பி, இரும்பு வளையம். ஒரு போட்டோவுக்குப் போட்டுவிட்டு அலமாரியில் வைக்கிற சாமான். நான் வாரத்தில் மூன்று நாள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். எட்டு மணி நேரம் குனிந்து நிமிர வேண்டும். மேலே சீருடை. அதற்குள்ளே எனக்குப் பிடித்தது, தோலைக் கடிக்காத காட்டனாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். என் தோழியும் நானும் சேர்ந்து செய்கிறோம். முதலில் 24 பேருக்குக் கொடுத்து, மூன்று மாதம் துவைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லப்போகிறோம்.

வசந்தா: வளையம், ஹூக் எல்லாம் எங்கே வாங்கச் சொல்கிறாய்?

நிலா: நிக்கல் இல்லாததாக வேண்டும் அத்தை. ஐரோப்பாவில் தோலில் படுகிற உலோகத்துக்கு அதில் கட்டுப்பாடு உண்டு. போன வருஷம் மலிவு வளையம் ஒன்று போட்டு எனக்கே தோள்பட்டையில் தடித்துவிட்டது.

வசந்தா: அப்படியானால் பட்டைக்கு பிளாஸ்டிக் வளையமே போடலாம். எடையும் குறையும். சிலந்தி வலை ஐந்து பட்டை கேட்கிறாய். நாலு போதும். ஐந்தாவது சரியாக முதுகெலும்பில் உட்காரும். நாற்காலியில் சாய்ந்தால் குத்தும்.

நிலா: நாலு போதும் அத்தை.

சிவகுமார்: எனக்குத் துணியில் பிரச்சினை இல்லை. ராத்திரியில் அந்த உடையில் தனியாக நடந்து போகிறாயே, அதுதான்.

நிலா: தெரியும் அப்பா. 2007ல் லங்காஷயரில் சோஃபி லங்காஸ்டர் என்ற பெண்ணை ஒரு பூங்காவில் அடித்தே கொன்றார்கள். அவளுக்கு 20 வயது. அவளும் அவளுடைய நண்பனும் காத்திக் மாதிரி உடுத்தியிருந்ததுதான் காரணம். 2013லிருந்து மான்செஸ்டர் போலீஸ் இப்படி உடைக்காக நடக்கிற தாக்குதலையும் வெறுப்புக் குற்றமாகப் பதிவு செய்கிறது. எனக்கும் பயம் உண்டு. அதற்காக வேறு ஆளாக உடுத்திக்கொண்டு போக என்னால் முடியாது.

சிவகுமார்: போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ் போடு. எத்தனை மணியானாலும்.

நிலா: போடுகிறேன் அப்பா.

கௌசி: நிலா, விட்பி போனாயே, அந்தப் படங்களைப் போடு. அப்பத்தா பார்க்கட்டும்.

நிலா: (4 படங்கள்) கடலோர ஊர் அப்பத்தா. மலை மேல் இடிந்த மடம் ஒன்று இருக்கிறது. 1994லிருந்து இந்த உடைக்காரர்கள் அங்கே கூடுகிறார்கள். பாதிப் பேர் அம்மாவைவிட வயதானவர்கள். நாலாவது படத்தில் இருக்கிற கறுப்பு மணி அந்த ஊர்க் கடற்கரையில் கிடைப்பது. ஜெட் என்பார்கள். கல் இல்லை, மரம். 18 கோடி வருஷத்துக்கு முன்னால் மண்ணில் புதைந்த மரம். கையில் வைத்தால் கனமே இருக்காது, குளிரவும் செய்யாது. விக்டோரியா ராணியின் கணவர் 1861ல் செத்துப்போனார். 1901ல் தான் சாகிறவரை அந்த அம்மா கறுப்புதான் கட்டினார். அவரைப் பார்த்து ஊரே இந்த மணியை வாங்கிப் போட்டது.

ராமசாமி: அப்படியானால் அங்கேயும் கறுப்பு துக்கத்துக்குத்தானே?

நிலா: அப்போது துக்கத்துக்கு. இப்போது எங்களுக்கு அப்படி இல்லை பெரியப்பா.

வசந்தா: கட்டிங் மாஸ்டர் மகள் நிக்காஹ்வுக்குப் போனோமே அண்ணா. கழுத்தில் என்ன கட்டினார்கள்? கருகமணி. அதுவும் கறுப்புதான். நம் வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் கையில் கறுப்பு வளையலும் கன்னத்தில் மையும் வைத்தது யார்?

ராமசாமி: அது கண்ணேறுக்கு.

வசந்தா: சரி, நிலாவுக்கும் கண்ணேறு படாமல் இருக்கட்டும்.

காலை 9:10

கௌசி: அப்பத்தா சொல்வதை அப்படியே அடிக்கிறேன். “அந்தத் துரைசாணி கறுப்பைக் கட்டிக்கொண்டு நாட்டை ஆண்டிருக்கிறாள். உங்கள் அப்பாரு 1993ல் போனார். எனக்கு வெள்ளைச் சீலையைக் கொடுத்துத் திண்ணையில் உட்கார வைத்தீர்கள். வசந்தா கல்யாணத்தில் பந்தியறைப் பக்கமாக உட்காரச் சொன்னீர்கள். நான் பெற்ற பிள்ளைக்குத் தாலி ஏறுவதைத் தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். நிலா சீருக்குப் பட்டுக் கட்டுவாள், அவளுக்குத் தெரியும். உள்ளே என்ன நிறம் போட்டால் யாருக்கு என்ன? பிரபு கல்யாணத்தில் என்னை முன்னால் உட்கார வையுங்கள். அதைப் பேசுங்கள் முதலில்.”

வசந்தா: அம்மா

பிரபு: அப்பத்தா மேடைக்கு வர வேண்டும். எனக்கு அப்பத்தா கையால் ஆசீர்வாதம் வேண்டும்.

ராமசாமி: முன்வரிசை அம்மாவுக்குத்தான். அதில் பேச்சே இல்லை.

சிவகுமார்: மேடை?

ராமசாமி: கல்யாணச் சீர் நடத்துகிற அருமைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். சம்பந்தி வீட்டுப் பெரியவர்களும் இருக்கிறார்கள்.

பிரபு: கேளுங்கள் பெரியப்பா. அவர் வேண்டாம் என்றால் நான் மேடையிலிருந்து இறங்கி வருவேன்.

தங்கமணி: நல்ல நாளில் இப்படியெல்லாம் பேசாதே பிரபு.

தங்கமணி: அத்தையை நான் கூட்டி வருகிறேன். கூடவே உட்காருகிறேன்.

காலை 9:45

செல்வராஜ்: சாயம் பற்றி யோசித்தேன். 2011ல் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நான் ரொம்ப ஆத்திரப்பட்டேன். இப்போது நொய்யல் ஆற்றோரம் போனால் தலை குனிகிறது. அந்தத் தண்ணீரில் என் உப்பும் இருந்தது. அதனால் 24 பீஸுக்காகப் புதுத்துணி சாயம் போட வேண்டாம். நின்றுபோன ஆர்டரில் மிஞ்சிய கறுப்பு ரிப் ஒரு ரோல் குடோனில் கிடக்கிறது. 11 கிலோ. காட்டன் 95, லைக்ரா 5. நல்ல வாஷ் கொடுத்த துணி, நானே தேய்த்துப் பார்த்தேன். டாப் ஒன்றுக்கு 170 கிராம், பாடிக்கு 70. வேஸ்ட் சேர்த்தாலும் ஏழு கிலோவுக்குள் முடியும். மணிக்கட்டு உறையும் அதிலேயே வரும்.

நிலா: மாமா!! அது போதும். லேஸ் காலரை மட்டும் தனியாக வைத்துக்கொள்கிறேன். நிறம் கொஞ்சம் மாறினாலும் பரவாயில்லை.

வசந்தா: ஓவர்லாக் என் வீட்டில் ஓட்டிவிடலாம். ஓரம் மடித்துத் தைக்கிற பேட்லாக் மெஷினுக்கு மட்டும் ஒரு நாள் ஆள் வேண்டும். பீஸ் ரேட் போட்டுத்தான் தைப்பேன் கண்ணு. வீட்டுப் பிள்ளை என்று சும்மா தைத்தால் அடுத்த முறை நீ கேட்கத் தயங்குவாய்.

நிலா: கட்டாயம் அத்தை. ரேட் நீங்கள் சொல்லுங்கள்.

வசந்தா: குடோன் சாவி யாரிடம்?

(யாரும் எழுதவில்லை)

வசந்தா: குடோன் சாவி யாரிடம் என்று கேட்டேன்.

சிவகுமார்: அண்ணனிடம் ஒன்று இருந்தது.

ராமசாமி: பூட்டை மாற்றியது நீதானே சிவா.

சிவகுமார்: பழைய பூட்டு துருப்பிடித்தது அண்ணா. வேறு எதற்கும் இல்லை.

ராமசாமி: எனக்குச் சொல்லியிருக்கலாம்.

சிவகுமார்: சொல்லியிருக்க வேண்டும்.

செல்வராஜ்: ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள். சேர்ந்தே திறப்போம். ரோலை எலி கடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ராமசாமி: ஞாயிறு சுப்பராயர் வீட்டில் பத்திரிகை வைக்கப் போகிறோம். பார்க்கலாம்.

கௌசி: நிலா, ரிசப்ஷனுக்கு லேஸ் காலரா?

நிலா: பட்டுப் புடவைக்கு மேல் போட்டுப் பார்த்தேன். அம்மா பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

தங்கமணி: படம் அனுப்பு. எனக்குத் தனியாக அனுப்பு.

தங்கமணி: பேருந்து 40ஆ 52ஆ, யாராவது சொல்லுங்கள்.