ஓடாத ப்ராஜெக்ட்டுக்கு மதிப்பெண் போடுவது எப்படி?
வணக்கம். இறுதியாண்டு ப்ராஜெக்ட் வழிநடத்தும் பொறியியல் ஆசிரியர்களிடம் ஓர் உதவி. செய்தது ஓடாவிட்டால் மதிப்பெண் போய்விடுமே என்ற பயத்தில்தான் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூடக் கடையில் ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்குகிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

1979 ஆகஸ்டில் எஸ்எல்வி-3 என்ற இந்திய ராக்கெட் வங்கக்கடலில் விழுந்தது. பழுதான ஒரு வால்வுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். 1980 ஜூலையில் அதே வகை ராக்கெட் ஏவிய ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் நின்றது. அப்படிப்பட்ட தேடலுக்குத்தான் பிள்ளைகளுக்கு மதிப்பெண் தர நினைக்கிறேன்: எது பழுதானது, அதை எப்படிச் சோதித்தார்கள், அடுத்து எதை மாற்றுவார்கள்?

நூற்றுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்? வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) வரும் வெளித்தேர்வாளர்கள் ஒத்துக்கொள்கிறார்களா? நீங்கள் பயன்படுத்திய மதிப்பீட்டுப் படிவம் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். மோட்டார் எரிவது, வெல்டிங் விடுவது போன்றவைதான் எங்கள் மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு அதிகம்.