வான்கோழி டீகாய (வேட்டைக்கு வைக்கிற பொம்மைப் பறவைய) பார்த்துட்டு தூரமாவே நிக்குது, என்ன தப்பு பண்றேன்?

ஹில்கன்ட்ரி_செந்தில்: டெக்சாஸ்ல இது எனக்கு ரெண்டாவது ஸ்ப்ரிங் வான்கோழி வேட்டை சீசன். சனிக்கிழமை விடியக்காலைல ஒரு பெட்டை டீகாய 40 யார்டு தள்ளி புல்லுல நட்டுட்டு பெட்டை மாதிரி சத்தம் குடுத்து கூப்பிட்டேன், சேவல் ஒண்ணு கத்திக்கிட்டே வந்துச்சு, டீகாய பார்த்ததும் 70 யார்டுலயே நின்னு தோகைய விரிச்சு அரை மணி நேரம் அங்கயே சுத்திட்டு போயிருச்சு. பைனாகுலர்ல அதோட தலை சிவப்புலேருந்து வெள்ளையா மாறுறது வரைக்கும் தெரிஞ்சுது, மனசே கேக்கல.

மாமரத்தான்: தம்பி, சேவல் தோகைய விரிச்சு நின்னா பெட்டைதான் அத தேடிப் போகணும், அதுதான் அதுங்க வழக்கம். உங்க பெட்டை அசையவே இல்ல, அதான் அதுவும் வரல. டீகாய 15, 20 யார்டுக்குள்ள வைங்க, கொஞ்சம் தள்ளி நின்னாலும் ரேஞ்சுல இருக்கும். கூட ஒரு ஜேக், அதான் ஒரு வயசு சேவல், அத உங்கள பார்த்த மாதிரி வைங்க. பெரிய சேவல் சண்டைக்கு வரும்போது ஜேக்குக்கு நேரா மூஞ்சிய காட்டித்தான் நிக்கும், அப்ப முதுகு உங்க பக்கம், விரிச்ச தோகை கண்ண மறைச்சுரும், துப்பாக்கிய தூக்க அந்த ரெண்டு செகண்டு போதும். முழுசா தோகை விரிச்ச டீகாய் மட்டும் இப்ப வேணாம், அடி வாங்கின ரெண்டு வயசு சேவல் அத பார்த்தா ஓடிரும்.

பைன்காடு_78: அண்ணன் சொன்னது சரி, ஆனா சீசன் கடைசில ஜேக்க எடுத்துட்டு ஒத்தப் பெட்டைய மட்டும் வைங்க. பிளாஸ்டிக் வெயில்ல மினுக்குதான்னும் பாருங்க, வான்கோழிக்கு மோப்பம் பெருசா இல்ல, கண்ணுதான் எல்லாம். நான் அலபாமால இருக்கேன், இங்க சீசன்ல முதல் 10 நாள் டீகாயே வைக்கக்கூடாது. அப்ப மேட்டுக்கு இந்தப்பக்கம் உக்காந்துருவேன், பெட்டை எங்கன்னு எட்டிப் பார்க்க அது மேல ஏறி வந்தாத்தான் முடியும், வந்தா ரேஞ்சுல இருக்கும்.

விஜி_அக்கா: பப்ளிக் லேண்டுல வைக்கிறவங்க தயவுசெஞ்சு இதையும் படிங்க. போன வருஷம் என் ஜேக் டீகாய நிஜப் பறவைன்னு நெனச்சு ஒருத்தர் புதர் வழியா தவழ்ந்து வந்துட்டார், நான் அதுக்கு நேர் பின்னாடி உக்காந்திருந்தேன். தோளவிட அகலமான மரத்துல சாஞ்சு உக்காருங்க, சிவப்பு, வெள்ளை, நீலம் போடாதீங்க, டீகாய பைக்குள்ள முழுசா மூடித்தான் தூக்கிட்டு போங்க. யாராவது வந்தா கைய ஆட்டவே ஆட்டாதீங்க, வான்கோழி மாதிரி சத்தம் குடுக்காதீங்க, அசையாம வாய்விட்டு சத்தமா "இங்க ஆள் இருக்கேன்"னு இங்கிலீஷ்ல கத்துங்க.