பில்ட்ரூட்: பழைய பைனரிக்காக ஏபிஐ (ABI) மாற்றலாமா?
பீகிள்போன் பிளாக் என்ற குட்டி கம்ப்யூட்டர் போர்டுக்கு (கார்டெக்ஸ்-ஏ8 பிராசஸர்), லினக்ஸ் சிஸ்டம் கட்டும் கருவியான பில்ட்ரூட்டில் இமேஜ் கட்டியிருக்கிறேன். பூட் நன்றாகவே ஆகிறது. ஆனால் சோர்ஸ் கைவசம் இல்லாத ஒரு பழைய பைனரியை (கம்பைல் செய்த புரோகிராம்) ஓட்டினால், அப்படி ஒரு ஃபைலே இல்லை என்கிறது. ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது! பாத் தப்போ என்று அரை நாளை வீணாக்கினேன். அப்புறம் பைனரியின் உள்விவரம் காட்டும் ரீட்எல்ஃப் போட்டுப் பார்த்தால், அந்த பைனரி தேடுவது சாஃப்ட் ஃப்ளோட் லோடரை (புரோகிராமை ஏற்றித் தொடங்கிவைக்கும் ஃபைல்). நான் கட்டியதோ இஏபிஐஹெச்எஃப், அதாவது தசம எண்களை ஃபங்ஷன்களுக்கு வேறு விதமாக அனுப்பும் ஹார்ட் ஃப்ளோட் ஏபிஐ. சிம்லிங்க் (ஒரு ஃபைலை இன்னொரு பெயரில் காட்டும் இணைப்பு) போட்டு ஏமாற்றவும் வழியில்லை, லைப்ரரிகளும் ஹார்ட் ஃப்ளோட்தானே.

டார்கெட் ஏபிஐயை மட்டும் இஏபிஐ (சாஃப்ட் ஃப்ளோட் வகை) என மாற்றி, விஎஃப்பிவி3-ஐ (சிப்பில் தசமக் கணக்கு போடும் பகுதி) அப்படியே விட்டால், தசமக் கணக்குகள் ஹார்ட்வேரிலேயே நடக்குமா? வேகம் எவ்வளவு குறையும்? மேக் கிளீன் போட்டு முதலிலிருந்து கட்ட வேண்டும், தெரியும். என் லேப்டாப்பில் அது ஒரு ராத்திரி வேலை. செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.