கத்னாவை நிறுத்தச் சொல்ல ஐ.நா. யார்?

கிழக்கான்:
பெண்பிள்ளைக்குக் கத்னா, அதாவது பிறப்புறுப்பில் வெட்டும் அல்லது கீறும் சடங்கு, செய்யக் கூடாதென்று 2018இல் இலங்கைச் சுகாதார அமைச்சு டொக்டர்மாருக்குச் சுற்றுநிருபம் அனுப்பியது. யாரைக் கேட்டு? இதை ஒழிக்க வேண்டுமென்று 2012இல் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டால் எங்கள் மார்க்கம் மாறிவிடுமா? சோமாலியாவில் வெட்டித் தைப்பதையும், இங்கே பிள்ளை பிறந்த நாற்பதாம் நாள் கத்னா செய்யும் ஒஸ்தா மாமி போடும் சின்னக் கீறலையும் பெண்ணுறுப்புச் சிதைப்பு என்று ஒரே பெயரில் எழுதுகிறார்கள். நாங்கள் பின்பற்றும் இஸ்லாமியச் சட்டப் பிரிவான ஷாபி மத்ஹபில் இது கடமை. 2008இல் இங்குள்ள உலமாக்களின் சபையான ஜம்இய்யதுல் உலமாவும் அப்படித்தான் பத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தது.

மருதமுனை ராத்தா:
எங்களைக் கேட்டுத்தான் நானா. 2017 கடைசியில் பாராளுமன்றக் குழுவிடம் இதை நிறுத்தச் சொல்லிப் போனவர்களில் இந்நாட்டு முஸ்லிம் பெண்கள் இருந்தார்கள். சின்னக் கீறல் என்கிறீர்கள், பார்த்திருக்கிறீர்களா? அந்த அறைக்குள் வாப்பாவையே விடமாட்டார்கள். தங்கச்சி மகளின் காலை விரித்துப் பிடித்தவள் நான். மாமிக்குக் கண் மங்கல், கையில் பிளேட். பிள்ளை வீறிட்டுத் துள்ளுகிறது. எவ்வளவு வெட்டுப்பட்டதென்று மாமிக்கே தெரியாது. பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, அரிசியும் காசும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். குத்துவதையும் கீறுவதையும்கூட உலக சுகாதார நிறுவனம் பெண்ணுறுப்புச் சிதைப்பின் நான்காம் வகையாகச் சேர்த்திருப்பது சும்மா இல்லை.

கிழக்கான்:
அப்படியென்றால் டொக்டரிடம் ஒழுங்காகச் செய்ய விடுங்கள். சுற்றுநிருபம் அதைத்தானே தடுத்தது! மேலிருந்து திணித்தால் என்னவாகும் என்று மேற்கு ஆபிரிக்காவின் காம்பியாவைப் பாருங்கள். 2015இல் ஜனாதிபதி ஜமே தடை போட்டார். சனம் ஏற்கவில்லை. 2024 மார்ச்சில் தடையை நீக்கும் மசோதாவை 42 உறுப்பினர்கள் அடுத்த கட்டத்துக்கு அனுப்பினார்கள். எதிர்த்தவர்கள் 4 பேர்தான்.

வாசிப்பவன்:
பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்கள். அதே மன்றம் ஜூலையில் அந்த மசோதாவை நிராகரித்தது, தடை நின்றது. இடையில் அந்நாட்டுப் பெண்கள் விடாமல் போராடினார்கள். டொக்டர் விஷயத்துக்கு எகிப்து இருக்கிறது. 2007இல் 12 வயதுச் சிறுமி இறந்தது டொக்டரின் கிளினிக்கில்தான். அதற்குப் பிறகுதான் அந்நாட்டின் அப்போதைய தலைமை முப்தி (மார்க்கத் தீர்ப்பு வழங்குபவர்) அலி ஜுமுஆ இதை ஹராம் என்றார். அவரும் ஷாபி மத்ஹபுக்காரரே.

கிழக்கான்:
அதை எங்கள் உலமாக்கள் சொல்லட்டும், கேட்கிறேன். ஐ.நா. சொன்னதற்காக என் பேத்திக்குச் செய்யாமல் விடமாட்டேன்.

மருதமுனை ராத்தா:
சரி, ஐ.நா.வை விடுங்கள். பேத்தியின் உம்மா என்ன சொல்கிறாள்? அவளிடம் யாராவது கேட்டீர்களா?