நிர்வாகிகளுக்குப் பதவிக்காலம் வைத்தால் சரியாகிவிடுமா?

மணல்மேடு கேட்கிறார்:

நான் எழுதும் கூட்டுக் கலைக்களஞ்சியத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அதைச் சுற்றியே போய்விடும்.

எங்கள் பக்கத்து ஏரி பற்றிய கட்டுரையில் பரப்பளவு தப்பாக இருந்தது. பொதுப்பணித்துறை ஆவணத்தைச் சான்றாகக் காட்டித் திருத்தினேன். ஒரு நிர்வாகி (கணக்குகளைத் தடைசெய்யும் அதிகாரமுள்ள பயனர்) அதை மீளமைத்தார், அதாவது பழையபடி மாற்றிவிட்டார். கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் (கலந்துரையாடும் பக்கம்) காரணம் கேட்டேன், பதில் இல்லை. மறுபடி சேர்த்தேன், என் கணக்குக்குத் தடை விழுந்தது. தடைப் பதிவில் காரணம் ‘இடையூறு’ என்று ஒற்றைச் சொல். தடை போட்டவர் வேறு யாருமில்லை, மீளமைத்த அதே ஆள்தான். என் பேச்சுப் பக்கத்தையும் சேர்த்துப் பூட்டிவிட்டதால் முறையிடவும் வழியில்லை.

அங்கே நிர்வாகிகள் ஏழெட்டுப் பேர்தான். பெரும்பாலோர் ஆரம்பத்திலிருந்தே இருப்பவர்கள். இரண்டு வருடப் பதவிக்காலம், அப்புறம் மறுதேர்வு என்று ஒரு முன்மொழிவு எழுத நினைக்கிறேன். விக்கிப்பீடியாக்களில் இப்படி எங்காவது உண்டா?

---

கொடிவேரி:

உண்டு. சுவீடிய விக்கிப்பீடியாவில் நிர்வாகிப் பொறுப்பு ஓராண்டுக்குத்தான், பிறகு மறுபடி தேர்வாக வேண்டும். ஜெர்மன் விக்கிப்பீடியாவில் நிலையான பதவிக்காலம் இல்லை. ஆனால் 2009 முதல் ஒரு ஏற்பாடு இருக்கிறது: ஒரு நிர்வாகிக்கு எதிராக ஒரு மாதத்துக்குள் 25 பேரோ, ஆறு மாதத்துக்குள் 50 பேரோ ஒப்பமிட்டால் அவர் மறுதேர்தலுக்கு நிற்க வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியா பல வருடம் இழுத்தடித்துவிட்டு 2024-ல்தான் இதைப்போன்ற திருப்பி அழைக்கும் முறைக்கு வந்தது. அங்கேயும் 25 ஒப்பம், ஒரு மாதம்.

---

ஆலமரத்தடி அண்ணாச்சி:

தம்பி, பதவிக்காலம் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் விவகாரத்தில் அது எதைச் சரிசெய்யும்? அந்த நிர்வாகி போன வாரம்தான் தேர்வானவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இதே தடையைத்தான் போட்டிருப்பார். வாதியும் அவர், நீதிபதியும் அவர், மேல்முறையீட்டுக் கதவின் சாவியும் அவரிடம். கோளாறு அங்கே இருக்கிறது.

வாக்கெடுப்பு வைத்தால் எல்லாம் தீரும் என்று நினைப்பவர்கள் குரோவாசிய விக்கிப்பீடியாவின் கதையைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு தீவிர வலதுசாரிக் குழு நிர்வாகிப் பொறுப்புகளைக் கைப்பற்றி, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் குரோவாசியாவை ஆண்ட பாசிச உஸ்தாஷா ஆட்சியின் கொடுமைகளை மழுப்பி எழுதியது. யாசெனோவாட்ஸ் வதைமுகாமை ஏதோ வேலை வாங்கிய முகாம் மாதிரி காட்டினார்கள். 2013-ல் பத்திரிகைகள் இதை அம்பலப்படுத்தின. கல்வி அமைச்சர் ஜெல்கோ யோவனோவிச்சே மாணவர்கள் அதை நம்ப வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அமைச்சர் சொல்லியும் அவர்கள் அசையவில்லை! 2020 வரை அதே ஆட்சி.

அங்கே வாக்கெடுப்பு இல்லாமலா இருந்தது? இருந்தது. எதிர்த்து வாக்களிக்கக்கூடியவர்கள் ஏற்கெனவே தடை வாங்கியிருந்தார்கள், அல்லது வெறுத்துப்போய் வேறு விக்கிக்கு எழுதப் போய்விட்டார்கள். மிச்ச இடத்தைக் கைப்பாவைக் கணக்குகள் (ஒரே ஆள் பல பெயரில் வைத்திருப்பவை) நிரப்பின. வெளியிலிருந்து வரக்கூடிய, எல்லா விக்கிகளுக்கும் பொதுவான மேலாளர்களோ, உள்ளூரில் நிர்வாகிகள் இருக்கும் விக்கியில் தலையிடத் தயங்குவார்கள், அது அவரவர் தன்னாட்சி என்று. விக்கிப்பீடியாக்களை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை வெளி வல்லுநர் ஒருவரை வைத்து ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது 2021-ல். அதற்குள் ஒரு தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகள் அதைப் படித்து முடித்துவிட்டார்கள்.

அதனால் உங்கள் முன்மொழிவில் முதலில் வரவேண்டியது: ஒரு கட்டுரையில் தகராறு செய்தவர், அந்தத் தகராறில் இருக்கும் ஆளைத் தடை செய்யக்கூடாது. அப்பட்டமான நாசவேலைக்கு மட்டும் விலக்கு. அப்புறம், தடைசெய்தவரே பேச்சுப் பக்கத்தைப் பூட்டக்கூடாது, முறையீட்டை இன்னொருவர்தான் பார்க்க வேண்டும். இந்த இரண்டும் இருந்திருந்தால் உங்கள் ஏரி விவகாரம் அரை நாளில் முடிந்திருக்கும்.

மறுதேர்வைப் பொறுத்தவரை, நான் ஒரு சின்ன விக்கியில் நிர்வாகியாக இருந்து சலித்துப்போய்ப் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்தவன். காலையில் ‘அண்மைய மாற்றங்கள்’ பட்டியலைத் திறந்தால் ஒருவர் நடிகரின் பிறந்த ஆண்டை 1800 ஆக்கியிருப்பார், இன்னொருவர் மாவட்டக் கட்டுரையின் நடுவே தன் செல்போன் கடை எண்ணைப் போட்டிருப்பார். இந்தக் குப்பையை அள்ளுவதற்கு இரண்டு வருடத்துக்கொரு முறை தேர்தலில் நின்று வசவு வாங்க யார் வருவார்கள்? கேட்கும்போதுதான் மறுதேர்வு என்பது ஜெர்மன்காரர்களின் கெட்டிக்காரத்தனம். ஆனால் அவர்களுடைய 25-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் விக்கியில் மாதத்துக்கு முப்பது பேர்தான் எழுதுகிறார்கள் என்றால் 25 ஒப்பம் என்பது ‘ஒருபோதும் நடக்காது’ என்று சட்டமாக எழுதி வைப்பது. ஐந்தாறு போதும். ஒப்பமிடுபவர் மனு தொடங்குவதற்கு முன்பே இத்தனை தொகுப்பு செய்திருக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள், கைப்பாவைகள் புகாமல் இருக்கும்.

---

தாமரைக்குளம்:

அண்ணாச்சி, ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஏழெட்டு நிர்வாகிகள் உள்ள இடத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒரு நிர்வாகிக்கு எதிராகத் தன் பயனர் பெயரைப் போட்டு யார் ஒப்பமிடுவார்கள்? மறுநாளே அவர்களுடைய பழைய கட்டுரைகளில் எல்லாம் நீக்கல் வார்ப்புரு (‘இதை நீக்கலாம்’ என்ற அறிவிப்பு) விழும். நான் பார்த்திருக்கிறேன்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் 2024 அக்டோபரில் ரகசிய வாக்குமுறையில் நிர்வாகித் தேர்தல் நடத்திப் பார்த்தார்கள். ஒரே தவணையில் 11 பேர் தேர்வானார்கள். பகிரங்க விசாரணை மாதிரி நடக்கும் பழைய முறையில் நிற்கவே ஆட்கள் பயந்துகொண்டிருந்தார்கள். சின்ன விக்கிக்கும் ஏதாவது ஒரு மறைவு வேண்டும்.

ஆளில்லாமை இன்னொரு ஆபத்து. ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவில் அந்த மொழி தெரியாத ஓர் அமெரிக்கப் பையன் பன்னிரண்டு வயதில் தொடங்கி ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினான், நிர்வாகியாகவும் ஆனான். வெளியே தெரிந்தது 2020-ல். அங்கே கொடுங்கோலன் யாரும் இல்லை, பார்க்கத்தான் ஆளில்லை. நீங்கள் பதவிக்காலம் வைத்து நாலு பேரை வெளியே அனுப்பிவிட்டால் மிச்சம் யார்?

---

ஆலமரத்தடி அண்ணாச்சி:

ஒப்பம் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஒப்பங்களை வேறு விக்கியின் இரண்டு பயனர்கள் தனியஞ்சலில் வாங்கிச் சரிபார்த்து, எண்ணிக்கையை மட்டும் அறிவிக்கலாம். கொஞ்சம் சுற்றுவழிதான். ஆனால் உள்ளூர் நிர்வாகிகள் கையில் பெயர்ப்பட்டியல் போகாது.

---

மணல்மேடு:

சரி, பதவிக்காலத்தை எடுத்துவிட்டேன். வரைவு இப்படி: “ஒரு கட்டுரையின் உள்ளடக்கம் குறித்த பிணக்கில் பங்கேற்ற நிர்வாகி, அதே பிணக்கில் உள்ள பயனரைத் தடை செய்யக்கூடாது. நாசவேலைக்கு இது பொருந்தாது. தடை மீதான முறையீட்டை வேறொரு நிர்வாகி பார்ப்பார். முறையீடு முடியும்வரை பயனரின் பேச்சுப் பக்கம் திறந்திருக்கும்.” ஒப்பம் வாங்கி மறுதேர்வு கேட்கும் மனு விஷயத்தைத் தனி முன்மொழிவாக அடுத்த மாதம் வைக்கிறேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இரண்டும் விழும் என்று தோன்றுகிறது.

---

தாமரைக்குளம்:

முறையீட்டுக்குக் கெடு போடவில்லையே? இரண்டு நாளுக்குள் யாரும் பார்க்காவிட்டால் தடை தானாக விலகும் என்று சேருங்கள்.